வாங்கினவரும் வாங்காதவரும்

ஒருவர் ‘இதை நான் வாங்கவே இல்லை’ என்று பேங்கில் எழுதிக் கொடுத்துப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டால், எழுதினவர் வீட்டிலேயே இருப்பார், வாங்கினவரைத் தனி ஆளாகக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். பொருள் போயிருக்கிறது என்றால் வாங்கினவர் என்று ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும். கூரியர் வண்டியில் ஏற்றி, சட்டையில் சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். நாம் கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொள்ள வேண்டும்.

திருச்செங்கோட்டில் எனக்கு நைட்டி வியாபாரம். போர்டெல்லாம் கிடையாது. போனில் படம் போடுவேன், பணம் வந்ததும் பார்சல் கட்டுவேன். எல்லா நைட்டிக்கும் வலது பக்கம் பாக்கெட் உண்டு, அதனால் நன்றாகப் போகும். வீட்டுக்காரர் அர்த்தநாரி போர்வெல் லாரியில் முப்பது வருஷம் ஓடி, இடுப்பு போய் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மாத்திரை, இரண்டு டெய்லர் வீட்டு அடுப்பு, எல்லாம் அந்தப் பாக்கெட்டில்தான் ஓடுகிறது.

வருகிறவர்களுக்கு உயரம் பொருளின் விலைப்படி. நைட்டிக்கு முழு ஆள். திண்டிவனத்து டீச்சர் ஒருத்தர் உள்பாவாடை மட்டும் வாங்கினதால் என் இடுப்பு உயரத்தில் வந்து இறங்கினார். மேஜைக்கடியில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிறார், அவருக்குக் குனிய வேண்டியதில்லை. எல்லாருமே தங்கமான மனுஷர்கள். ஆசைப்பட்டு ஒன்றை வாங்கினவர்கள் வேறெப்படி இருப்பார்கள்.

ஆனால் இப்படி வந்தவர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேங்கில் ஆபத்தான கடை என்று எழுதி, பணம் வருகிற வழியை அடைத்துவிடுவார்கள். என்னிடம் மூன்று பேர் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை தலை எண்ண பேங்க் ஆபீசர் வருவதாக மெசேஜ் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை கூரியர் வண்டி வந்து நின்றது.

“ஏ சரசா, உம்பட நைட்டிக்கு இன்னொரு மாப்பிள்ளை எறங்கியிருக்காரு” என்றார் அர்த்தநாரி.

சீட்டில் நாச்சிமுத்து, காங்கேயம் என்று இருந்தது. மெரூன் கலர், டபுள் எக்ஸெல். தேங்காய்க் களத்தில் வேலை போல, மேலெல்லாம் தேங்காய் வாசம்.

“சாப்புட்டீங்களாண்ணா?”

“ஆச்சுங்க. அந்த நைட்டி அவளுக்குப் பத்துச்சுங்களா?”

இவரும் அங்கே வாங்கவில்லை என்று எழுதினவரும் ஒரே ஆள்தான் என்று காட்டிவிட்டால் திருப்பி விட்டுவிடலாம். அதற்குத்தான் பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி எல்லாரிடமும் கேட்கிறேன். நடுவில் நிறுத்தக்கூடாது, கட் பண்ணக்கூடாது. காங்கேயத்திலிருந்து வந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். முகம் இல்லை, கை மட்டும். கத்தரி எடுக்காமல், டேப்பின் நுனியை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, உருண்டையாக உருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது அந்தக் கை. நம் ஆளிடம் ஒரு பார்சலைக் கொடுத்தேன். நகத்தால் நெம்பினார், உரித்தார், உருட்டினார், பையில் போட்டுக்கொண்டார்.

“ஒரே ஆளுதான். குப்பையில போற டேப்பைப் பையில போட்டுக்கறவன் ஒலகத்துல ரெண்டு பேரா இருப்பான்?” என்றார் அர்த்தநாரி.

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் சீட்டைப் பார்த்து, “நைட்டிங்களா?” என்று கேட்டு முழு டிக்கெட் கொடுத்தார்.

காங்கேயத்தில் வாங்காத நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் மரகதம் தண்ணீர் கொண்டுவந்தாள். அதே மெரூன் நைட்டி. பாக்கெட்டில் போனும் சாவிக்கொத்தும். நான் வீடியோவைக் காட்டினேன்.

“பிரிச்சது நாந்தானுங்க. வாங்குனது நானில்லீங்க” என்றார் நாச்சிமுத்து. “கண்ணாலமாகி முப்பத்தோரு வருஷத்துல இவளுக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் குடுத்தவனில்லை நானு. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

“அது நெசந்தானுங்க்கா” என்றாள் மரகதம்.

பெண்டாட்டியே சொன்னபிறகு எந்த வீடியோவைக் காட்டுவது. கடை போச்சு என்று தண்ணீரைக் குடித்தேன்.

மரகதம் என்னோடு வந்தவர் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, எத்தனையோ நைட்டி இருக்குது. இதை எதுக்குங்க வாங்குனீங்க?”

“பாக்கெட் இருக்குதுல்ல. நீ சாவிக்கொத்தை இடுப்புலயே சொருகிச் சொருகி அந்த எடம் கன்னிப் போயிக் கெடக்குது. நாலு வருஷமாப் பாக்கறேன்.”

மரகதம் பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். சாவி உள்ளேயே கொஞ்ச நேரம் சத்தம் போட்டது.

“அக்கா, இவரு இங்கயே இருக்கட்டுங்க. நீங்க அவரைக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

“போனாப் போவுது. நான் வாங்கலைங்கறது மட்டும் நெசம்” என்று நாச்சிமுத்து எழுந்து சட்டையை மாட்டினார். வாங்கினவர் சட்டையிலிருந்த சீட்டை நகத்தால் நெம்பி, கிழியாமல் எடுத்துத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டார். வந்த வழியே பஸ் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். மேஜைக்கடியில் குனிந்து டீச்சரை எண்ணினார், மற்ற இருவரையும் எண்ணினார். அப்புறம் நாச்சிமுத்து முன்னால் வந்து நின்றார்.

“இவரு?”

“இவரு வாங்காதவருங்க” என்றேன்.

“நான் வாங்கவே இல்லீங்க” என்றார் நாச்சிமுத்து.

ஆபீசர் காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “வாங்காதவங்களை எண்ணச் சொல்லி இதுல இல்லீங்களே.” மூன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார். டெய்லர்கள் மறுபடி மெஷினை மிதித்தார்கள்.

பத்து நாள் கழித்து மரகதம் போன் செய்தாள். “அக்கா, நான் எதைச் சொன்னாலும் இவரு செரிங்கறாரு. சண்டை போட ஆளில்லாம வாய் நமநமங்குது. ஞாயித்துக்கெழம மட்டும் அவரை அனுப்பி வுடுங்க.”

அதிலிருந்து நாச்சிமுத்து ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் போய், சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். தொண்டை கட்டியிருக்கும். முகம் மட்டும் தெளிந்திருக்கும்.

போன ஞாயிறு மரகதம் மறுபடி போன் செய்தாள். “அக்கா, இன்னைக்கு வரும்போது மல்லியப்பூ வாங்கிட்டு வந்தாருங்க.”

நாச்சிமுத்து வந்ததும் கேட்டேன். “நான் வாங்கலீங்க” என்றார். போனில் நாற்பது ரூபாய் போனதாகக் காட்டியதாம், கையோடு பேங்கில் எழுதிப் போட்டுவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பூக்காரியின் கூடையோரம், முழங்கால் உயரத்தில், சட்டையில் சீட்டோடு ஒருவர் சம்மணம் போட்டுப் பூ அளந்துகொண்டிருந்தார். நாற்பது ரூபாய்தானே, அதனால் அந்த உயரம். மல்லிகையோடு கொஞ்சம் தேங்காய் வாசமும் வந்தது.

ஒரு முழம் கேட்டேன்.

“எம் முழமாக்கா, இவரு முழமா?” என்றாள் பூக்காரி.

அவர் முழம் ஒரு சாண்கூட வராது. ஆனாலும் ஒரு மொட்டு நசுங்காமல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

“இவரு முழத்துலயே நாலு குடு” என்றேன்.