சேட்டு வீட்டுத் தார்ப்பாயும் மெர்லின் மிஸ்ஸும்

“யாரக் கேட்டு கட் பண்ணீங்க? கேக்குறேன்ல, யாரக் கேட்டு?”

உப்பளம் வைத்திருக்கிற சேட்டுவின் குரல் மாதா கோயில் மதிலைத் தாண்டி வந்து, ஈசிஆரில் போன பஸ்ஸின் ஹாரனையே அமுக்கிவிட்டது. அவன் கையில் ஒரு நீலப் பை, குழந்தை தோளில் மாட்டுகிற அளவு. அதன்மேல் வெள்ளை பெயிண்டில் ஒரு மீன். மீனுக்குப் பல் இருந்தது.

“ஒரே மழ. என் உப்புக் குவியல்ல பாதி கரைஞ்சு ஓடிடுச்சு. போய்ப் பாத்தா மேல கெடக்குறது போன வருசத்துக் கிழிசல். புதுத் தார்ப்பாய் எங்கடான்னு தேடுனா, இங்க புள்ளைங்க முதுகுல தொங்கிக்கினு இருக்குது!”

“மெதுவா பேசுங்கண்ணே, உள்ள பசங்க தூங்குறாங்க,” என்றாள் மெர்லின் மிஸ்.

“தூங்கட்டும், தூங்கட்டும். திருடிட்டு வந்த களைப்பு இருக்காதா? எம் பொண்ணுக்கு ஏபிசிடி சொல்லிக் குடும்மான்னா, அப்பன் வூட்டு சாமான எப்டி லவுட்டுறதுன்னு சொல்லிக் குடுத்திருக்க!”

“உங்க நிவேதா எடுத்துட்டு வரல. ஒருத்தங்க குடுத்தாங்க. பழசுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.”

“யாரு அந்த ஒருத்தங்க?”

மிஸ் சேட்டுவின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சேட்டுவின் தம்பி ராஜவேல் நின்று மும்முரமாகப் போன் பார்த்துக்கொண்டிருந்தான். போனில் வெளிச்சமே இல்லை.

நான் மதிலோரம் முருங்கைக்கீரை பறிக்க வந்தவள். பத்து ரசத்துக்குப் போதுமான கீரையைப் பறித்த பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். மாதா கோயில் வளாகத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு மெர்லின்தான் மிஸ். அவளும் அவள் அம்மாவும் சாப்பிடுவது அந்தச் சம்பளத்தில். கோடை லீவில் ஆரோவில்லில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். போகும்போது சாதாரணமாகத்தான் போனாள். திரும்பி வந்தபோது எங்கள் தெருக் குப்பைமேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். எதையும் தூக்கிப் போடக் கூடாதாம். ஒன்று தேய்ந்தால் அதை இன்னொன்றாக்கணும், அதுவும் தேய்ந்தால் வேறொன்றாக்கணும், கடைசியில் அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேரணும். வட்டப் பொருளாதாரம் என்று இதற்குப் பெயராம். மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அவள் நான்கு கேள்விகளைப் பாட்டாகவே போட்டுவிட்டாள்: முன்னாடி நீ என்னவா இருந்த? யாரு குடுத்தா? இப்ப என்னவா இருக்க? கிழிஞ்சா எங்க போவ? பிள்ளைகள் செருப்பையும் சோற்றுக் கரண்டியையும் பிடித்துவைத்து இதையே கேட்டுக்கொண்டு திரிந்தன.

அடுத்ததாக, கண்காட்சி வைக்கப்போகிறோம், வீட்டில் கிடக்கிற பழசுபட்டையைக் கொடுத்தனுப்புங்கள் என்றாள். அங்கேதான் கெட்டது. எங்கள் ஊர் அம்மாக்களுக்கு ஒரு கௌரவம் இருக்கிறதே!

“ஓட்ட டப்பாவக் குடுத்தனுப்புனா, இவங்க வூட்டு லட்சணமே இதான்னு நெனைக்க மாட்டாங்களா?” என்றாள் சேட்டுவின் பெண்டாட்டி ஜெயா. காசிலிங்கம் கடைக்குப் போய் குடிக்கிற ஆரஞ்சு கலர் இரண்டு பெரிய பாட்டில் வாங்கி, கலரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பளபளவென்று கொடுத்தனுப்பினாள். எதிர்வீட்டு மலர்கொடி புதுத் துண்டு எடுத்து, ஓரத்தைக் கத்தரிக்கோலால் பிய்த்துப் பழசாக்கினாள். குப்பையைக் குறைக்கிற பாடம் தொடங்கிய அந்த வாரத்தில் எங்கள் தெருக் குப்பைத்தொட்டி வழிந்தது. காசிலிங்கம் மட்டும், “நல்ல மிஸ்ஸும்மா, அடிக்கடி இது மாதிரி நடத்தச் சொல்லுங்க” என்றான்.

அந்தச் சண்டைக்கே திரும்பி வருகிறேன். சத்தம் கேட்டு ஃபாதர் வெளியே வந்தார். சேட்டு சுருக்கமாக முடித்தான்: “இந்த மிஸ் இருந்தா, உப்பளத்து ஜனங்க புள்ள ஒண்ணுகூட இங்க வராது ஃபாதர். நான் சொன்னா கேப்பாங்க, தெரியும்ல?”

கேட்பார்கள்தான். பள்ளியில் முக்கால்வாசி அந்தப் பிள்ளைகள். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிக்கல் வந்தால் அவர் துடைப்பார்.

“சனிக்கெழம கண்காட்சி முடிஞ்சிடட்டும் சேட்டு. அதோட மெர்லின் நின்னுக்கும்.”

மெர்லின் தலையை மட்டும் ஆட்டினாள். வேலை போனதுகூடப் பெரிதில்லை, திருட்டுப் பட்டத்தோடு போனால் வேறெந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? ராஜவேல் வெளிச்சமில்லாத போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணனுக்கு முன்னாடியே வண்டியைக் கிளப்பிவிட்டான்.

சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் போனோம். குப்பையைப் பார்ப்பதற்குப் பட்டுப்புடவையில் வந்தவர்களும் உண்டு. சேட்டு முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மிஸ் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான் போல.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக மைக் முன்னால் வந்தன. முதலில் மலர்கொடி மகன்.

“இது கால்மிதி. முன்னாடி துண்டா இருந்துச்சு. அம்மா குடுத்தாங்க. புதுத் துண்டு. கத்திரியால கிழிச்சுட்டு, மிஸ் கேட்டா பழசுன்னு சொல்லுன்னாங்க.”

மலர்கொடி கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ தேடத் தொடங்கினாள்.

அடுத்து நிவேதா, பூச்சாடியாக மாறிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “இது பூச்சாடி. முன்னாடி பாட்டிலு. அம்மா குடுத்தாங்க. நான் கலரு கேட்டேன். குடுக்காம சாக்கடையில ஊத்திட்டாங்க.” அந்தத் துக்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எல்லோரும் சிரித்தோம். ஜெயா, “வூட்டுக்கு வா, ஒனக்கு இருக்குது” என்று பல்லைக் கடித்தாள்.

நிவேதா போகவில்லை. தோளில் இருந்த நீலப் பையைக் கழற்றி மைக்குக்கு நேராகப் பிடித்தாள். மெர்லின் ஓடிவந்து, “போதும் செல்லம், வா” என்றாள். நான்கு கேள்விக்கும் பதில் சொல்லாமல் இடத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தானே!

“இது பையி. முன்னாடி தார்ப்பாயா இருந்துச்சு. ராஜு சித்தப்பா குடுத்தாரு.”

கூட்டத்தில் சிரிப்பு நின்றது. சேட்டு கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

“நானும் சித்தப்பாவும் வண்டியில போனோம். கிழிஞ்சத உப்பு மேல போட்டுட்டு, புதுச எடுத்து சேத்துல பொரட்டுனாரு. ஏன் சித்தப்பான்னேன். மிஸ்ஸுக்குக் கிழிஞ்சதக் குடுத்தா அசிங்கம்னாரு. புதுசுன்னு தெரிஞ்சா வாங்க மாட்டாங்கன்னாரு. அப்பாகிட்ட சொல்லாதன்னு கல்கோனா முட்டாய் வாங்கிக் குடுத்தாரு.”

ஜெயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் திணித்தும் அது அடங்கவில்லை. தினமும் காலையில் அண்ணன் மகளைப் பள்ளியில் விட ராஜவேல் அயர்ன் சட்டை போட்டு, பவுடர் பூசிக்கொண்டு ஏன் போகிறான் என்று நாங்கள் மாதக்கணக்காகப் பேசியதுண்டு. அதற்கான விடையை நிவேதா மைக் வைத்தே சொல்லிவிட்டாள். அவளுக்குக் கடைசிக் கேள்வி வேறு பாக்கி இருந்தது.

“மழ வந்துச்சு. உப்பு கரைஞ்சிடுச்சு. உப்பு கடல்லேர்ந்து வந்துச்சு, கடலுக்கே போயிடுச்சு. அதனால அது வேஸ்ட் இல்ல. அப்பாதான் சும்மா கத்துறாரு.”

பாதித் தூக்கத்தில் இருந்த ஃபாதர் ‘வேஸ்ட் இல்ல’ மட்டும் காதில் விழுந்து கைதட்டினார். அவர் தட்டியதால் கூட்டமும் தட்டியது.

சேட்டு எழுந்தான். தம்பியைத் தேடினான். கேட்டுக்கு வெளியே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. மிஸ்ஸிடம் போய் நின்று, கழுத்தைச் சொறிந்தான். “மிஸ்ஸு... நான் அன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி பேசிட்டேன்.” ஃபாதரிடம் திரும்பி, “அவங்க இருக்கட்டும் ஃபாதர். அந்த நாயி வூட்டுக்கு வரட்டும், அவன சேத்துல பொரட்டுறேன்.”

வேலை தங்கியது. கதை அதோடு முடிந்துவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. மறுபடி மதிலோரம் எனக்குக் கீரை தேவைப்பட்டது. திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு ராஜவேல் வந்தான், பவுடர் இல்லாமல்.

“மெர்லின், உன் பேரு கெட்டுடப் போவுதுன்னுதான் நான் அன்னைக்கு வாயத் தொறக்கல.”

“அதான் திருடின்னு பேரு வாங்கிக் குடுத்தியா? கிழிஞ்சதக் குடுக்க வெக்கமா இருந்துச்சு ஒனக்கு. அண்ணன் என்னைக் கிழிக்கிறத நின்னு வேடிக்க பாக்க மட்டும் வெக்கமா இல்ல, இல்ல?”

“இப்ப வேணா அண்ணன்கிட்ட சொல்றேன். நம்ம விஷயத்தையும் சேத்து.”

“நம்ம விஷயம்னு ஒண்ணு இல்ல. கெளம்புங்க.”

‘நீ’ போய் ‘ங்க’ வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவனுக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

தை பிறந்ததும் ஜெயா முன்னே நின்று பெருமுக்கல்லில் பெண் பார்த்து ராஜவேலுக்கு முடித்துவைத்தாள். சங்கீதா என்று பெயர், குரல் சேட்டுவைவிட ஒரு படி மேல். இருவரும் இப்போது ஒரகடம் பக்கம், கம்பெனி வேலையில் இருக்கிறார்கள்.

மெர்லினுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம். மாப்பிள்ளை ரெக்ஸ், பொம்மையார்பாளையத்தில் படகு எஞ்சின் மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்றே, தனக்கு இரண்டு முறை நிச்சயம் நின்றுபோன கதையை, இவள் கேட்பதற்கு முன்னாலேயே அவன் சொல்லிவிட்டானாம். கல்யாணத்தோடு அவள் பள்ளியை விட்டுவிட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள்.