வலது பக்கம் சாய்ந்த எட்டு

பெயிண்டர் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். மூன்று விநாடிகூட ஆகவில்லை.

சகலையின் பிரிண்டிங் கடை. கம்ப்யூட்டர் திரை முழுக்கப் புழுதி பறக்க ஒரு பைக். அதன் மேல் எட்டு. சட்டையில் இருக்கும் எண்ணே பெயராகிவிட்ட ரேஸ்காரர். நாற்பதடி பேனர். ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஸ்பீட்வே மைதானம் நாளை மாலை நாலு மணிக்குத் திறக்கிறது. வாசலில் தொங்கப்போவது இதுதான்.

"எப்படிண்ணே இருக்கு?" என்றார் சகலை. பெயிண்டரின் கொழுந்தியாளைக் கட்டியவர். பத்து வயது இளையவர். "நீங்க சரின்னாத்தான் மெஷின்ல ஏத்துவேன்."

ஸ்பீட்வே என்றால் மண் தரையில் முட்டை வடிவப் பாதை. நாலு பைக், நாலு சுற்று. பிரேக் கிடையாது. எல்லா வளைவும் இடது பக்கம். வண்டியை இடப்பக்கம் சாய்த்து, இரும்புத் தகடு மாட்டிய இடது காலை மண்ணில் தேய்த்தபடி திருப்புவார்கள். வலது பக்கம் வளைத்தவர் என்று இந்த ஆட்டத்தில் ஒருவரும் கிடையாது.

திரையில் எட்டு வலது பக்கம் சாய்ந்திருந்தார். இரும்புத் தகடு வலது காலில்.

"கேட் பக்கம் பார்த்தா நல்லா இருக்குமேன்னு படத்தைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன்" என்றார் சகலை.

கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறார். எட்டைத் திருப்பினாலும் எட்டுதான். வேறு எழுத்தெல்லாம் புழுதிக்குள். ரேஸ் வெறியர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நாளை வரப்போகிறவர்கள் அத்தனை பேரும் ரேஸ் வெறியர்கள்.

பெயிண்டர் வாயைத் திறந்தார். போன மாதம் ஞாபகம் வந்தது.

மைதானத்து வெளிச்சுவரில் பதினேழு வருஷம் ரேஸ்காரர்களை வரைந்தவர் அவர். இந்த சீசன் யாரை வரையப்போகிறார் என்று ரசிகர்கள் பந்தயம் கட்டுவார்கள். மறுபடி திறக்கப்போகிறது என்ற செய்தி வந்த அன்றே பிரஷ்களை எடுத்து ஊறப்போட்டார். ரசிகர் மன்றத் தலைவரான பல் டாக்டர் வீட்டுக்கே வந்தார். உட்கார்ந்தார். சுவர் என்று ஆரம்பிப்பார் என்று இவர் காத்திருக்க, டாக்டர் போனை எடுத்துக்கொண்டு, "உங்க சகலை நம்பர் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

ஒவ்வொரு எண்ணாக இவர்தான் சொன்னார். டாக்டர் ஒருமுறை தப்பாக அடித்தபோது திருத்தியும் விட்டார்.

"அருமையா இருக்கு" என்றார் பெயிண்டர் இப்போது. "ஏத்து."

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள். "தங்கச்சி போன் பண்ணா. உங்ககிட்ட காட்டாம அடிக்க மாட்டேன்னுட்டாராமே அவ வீட்டுக்காரர். என்ன மரியாதை பாருங்க."

"ம்."

"என்ன ம்? வயிறு எரியுதா?"

"அசிடிட்டி" என்றார்.

மறுநாள் மூன்றரைக்கே மைதானத்து வாசல் நிரம்பி வழிந்தது. பெயிண்டரின் மனைவியும் கொழுந்தியாளும்கூட வந்திருந்தார்கள். பழைய சீசன் டி-ஷர்ட்டுக்குள் புதிய தொப்பைகள். உள்ளே எஞ்சின்களைச் சூடேற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கூட்டம் பேச்சை நிறுத்தியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புழுதி என்றார். புழுதி இன்னும் கிளம்பவே இல்லை.

டாக்டர் கயிற்றை இழுத்தார். துணி விலகியது.

கை தட்டல் பாதியில் நின்றது.

"எட்டு எங்க போறாரு, ரிட்டர்ன் டிக்கெட்டா?" என்றார் பஸ் கண்டக்டர். மன்றத்தின் நாக்கு அவர்தான்.

கூட்டம் குலுங்கியது. பெயிண்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. சகலையின் முகம் வெளுத்ததை ஆற அமர ரசித்தார். ஆறு விநாடி இருக்கும்.

"இதை யாருமே பார்க்கலையா?" என்றார் டாக்டர்.

"அண்ணன்கிட்ட காட்டினேன்" என்றார் சகலை மெதுவாக.

அத்தனை தலைகளும் திரும்பின.

"பெயிண்டருக்கே தெரியலையா?" கண்டக்டர் உதட்டைப் பிதுக்கினார். "பாவம், மைதானத்தோட சேர்ந்து அவர் கண்ணையும் பூட்டிட்டாங்க போல. துரு பிடிச்சுப்போச்சு."

"அவர் மேல தப்பில்லீங்க" என்று சகலை குறுக்கே வந்தார். "கடையில வெளிச்சம் கம்மி. அவசரப்படுத்தினது நான்தான்."

பெயிண்டர் பல்லைக் கடித்தார். பேசாமல் இருந்தால் குருடன். பேசினால் அயோக்கியன். குருடனாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று முடிவு கட்டினார். முடிவு நியாயமாகத்தான் இருந்தது.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு எட்டு வந்தார். நிஜமான எட்டு. பேனரை அண்ணாந்து பார்த்தார், சிரித்தார், அதன் கீழே போய் நின்று உடம்பை வலது பக்கம் சாய்த்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. டாக்டர் சாய்ந்தார். கண்டக்டர் சாய்ந்தார். நூறு போன்கள் உயர்ந்தன, நூறு பேர் வலது பக்கம் சாய்ந்தார்கள்.

"பேனர் அடிச்சவர் எங்கே?" எட்டு சகலையின் தோளில் கை போட்டார். "இந்த சீசன் டி-ஷர்ட்டுக்கு இதே படம்தான். கழட்டிடாதீங்க."

பதினேழு வருஷத்தில் ஒரு ரேஸ்காரரும் பெயிண்டரின் தோளில் கை போட்டதில்லை.

"பெயிண்டரே, கொஞ்சம் நகருங்க" என்றார் கண்டக்டர். "போட்டோவுல விழுறீங்க."

"எனக்கு நேத்தே தெரியும்."

சத்தமாகத்தான் சொன்னார். போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் ஒருமுறை சொன்னார். "பார்த்தவுடனே தெரிஞ்சுபோச்சு. மூணு செகண்டு. என் கண்ணுக்கு ஒண்ணும் துரு பிடிக்கல."

நிமிர்ந்து நின்றார். யாராவது வியப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தார். சாய்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நேரானார்கள்.

எட்டின் கைக்குக் கீழிருந்து சகலை வெளியே வந்தார். "தெரிஞ்சுமா ஏத்தச் சொன்னீங்க?"

பெயிண்டர் அண்ணாந்து பேனரைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருப்பிப் போட்டிருப்பேனே. ஒரு நிமிஷ வேலைண்ணே." கோபமே இல்லாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

"என்ன அத்தான் இது?" என்றாள் கொழுந்தியாள். அக்காவைப் பார்த்தாள்.

உள்ளே மணி அடித்தது. முதல் ரேஸ். கூட்டம் கேட்டுக்குள் முண்டியடித்தது. போகிற போக்கில் கண்டக்டர் ஏதாவது சொல்வார் என்று பெயிண்டர் எதிர்பார்த்தார். அவர் பெயிண்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி கைப்பையைத் துழாவினாள். வீட்டுச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"நான் தங்கச்சிகூட உட்கார்ந்து பார்த்துட்டு வரேன்" என்றாள். "நீங்க போங்க. அசிடிட்டின்னு சொன்னீங்கல்ல."

நாலு எஞ்சின்களும் ஒன்றாக அலறின. சத்தம் போகிற திசையை வைத்தே எந்த வளைவு என்று அவருக்குத் தெரியும். வாசலில் நின்றபடியே நாலு சுற்றையும் எண்ணி முடித்தார். உள்ளே கூட்டம் எழுந்து கூவியது. எட்டுதான் ஜெயித்தாரா என்று கேட்கலாமென்று திரும்பினார். கேட்க ஆள் இல்லை.