விருந்தாளி வாரிய உப்பு

படகில் முப்பத்தெட்டுத் தண்ணீர் கேன்கள் ஏறிவிட்டன. மீதி இரண்டில் ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு சுடலைமாடத்தி படகுத்துறை ஜெட்டியில் நடந்து வந்தாள்.

"யக்கா, கீழ வைங்க. நீங்க இன்னைக்கு கெஸ்டுல்லா," என்றான் படகுக்காரன் பாஸ்கல். "கெஸ்டு கேன் தூக்குதத யாராவது பாத்தா என் பொழப்பு போயிரும்."

"சும்மா நிக்க ஒரு மாதியா இருக்கு தம்பி."

ஜெட்டியின் பாதியில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோடு வரைக்கும் ஊர். கோட்டைத் தாண்டினால் தேசியப் பூங்கா. கடல் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில்தான் இருந்தது. கோட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் காவலர் ராஜபாண்டி, அவர் கழுத்தில் ஒரு விசில், மடியில் ஒரு பதிவேடு. மாடத்தி கேன்களை இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னால் வந்த கணவனின் கையைப் பிடித்துக் கோட்டைத் தாண்டவைத்தாள். பதிவேட்டில் 'விருந்தினர்' என்ற தலைப்பின் கீழ் ராஜபாண்டி இரண்டு பெயர்களை எழுதினார்: பேச்சிராஜா, சுடலைமாடத்தி.

பேச்சிராஜா முப்பது வருஷம் உப்பளத்தில் இருந்தவர். வெயிலில் வெள்ளைப் பாத்தியையே பார்த்துப் பார்த்து வலது கண் முழுசாகப் போய்விட்டது. இடது கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. மாடத்தி அதே அளத்தில் இருபத்திரண்டு வருஷமாக உப்பு வாருகிறாள். இன்னும் பத்து நாளில் மழை விழுந்தால் பாத்திகள் மூழ்கும். பிறகு மூன்று மாதத்துக்கு வேலை கிடையாது. அப்போதுதான் தீவில் கட்டியிருக்கும் விடுதிக்குச் சமைக்கவும் பெருக்கவும் காவல் இருக்கவும் ஒரு தம்பதி தேவை என்று பாஸ்கல் சொன்னான். மாதச் சம்பளம், சாப்பாடு, தங்க இடம். வருஷம் முழுக்க. மழை பெய்தாலும்.

விடுதிக் கம்பெனியின் ஆள் ஆராவமுதன். ஆற்றங்கரைக் கோயிலூரில் பிறந்து, பெங்களூரில் பெரிய ஆளாகி, ஐம்பத்தைந்து வயதில் இயற்கையைக் கண்டுபிடித்தவர். அவருடைய விசிட்டிங் கார்டில் 'அனுபவ வடிவமைப்பாளர்' என்று இருந்தது. பாஸ்கல் வாசித்துக் காட்டியபோது பேச்சிராஜா, "அது கொத்தனாருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார். பாஸ்கலுக்கும் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு முன்னால் யாராவது ஒரு ராத்திரி தங்கி, சோதனைத் தங்கல் அறிக்கை ஒன்று பூங்கா அலுவலகத்துக்குப் போக வேண்டும். சென்னையிலிருந்து வரவேண்டிய ஆறு பேர், காற்று அதிகம் என்று செய்தி பார்த்துவிட்டு வரவில்லை. அறிக்கைக்கோ மறுநாள் கடைசி நாள். ஆராவமுதன் யோசித்தார். வேலை கேட்டு வந்திருக்கும் இந்த இரண்டு பேரையே தங்கவைத்தால் அறிக்கையும் முடியும், ஆட்களையும் பார்த்த மாதிரி இருக்கும். நன்றாக நடந்துகொண்டால் ஒன்றாம் தேதியிலிருந்து வேலை என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்.

தீவில் கால் வைத்ததும் அவர்கள் கையில் ஆளுக்கொரு இளநீரைக் கொடுத்தார்கள். மாடத்தி குடித்து முடித்து, வெறும் கூட்டைப் போட இடம் தேடி, கடைசியில் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடந்தாள்.

குடிலுக்குப் பனையோலைக் கூரை. உள்ளே கான்கிரீட் சுவர், அதன்மேல் மண் பூசி, மண்ணில் விரல் பதிந்தது மாதிரி கோடுகள். ஒரு கயிற்றுக் கட்டில். ஒரு மண்பானை. ஒரு அரிக்கன் லாந்தர், அதற்குள் பேட்டரியில் எரியும் விளக்கு. ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டாயிரம் என்று பாஸ்கல் வழியிலேயே சொல்லியிருந்தான். பேச்சிராஜா சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு கட்டிலைத் தடவினார். தவறுதலாகத் தங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டோமோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் இருந்தது.

"லக்ஷுரின்னா ஏசி இல்லை," என்று ஆராவமுதன் விளக்கினார். "எதுவுமே இல்லாம இருக்கறதுதான் நிஜமான லக்ஷுரி."

"அது எங்ககிட்ட நெறைய இருக்கு சார்," என்றார் பேச்சிராஜா.

ஆராவமுதன் மாடத்தி பக்கம் திரும்பி, இந்த இடம் மனசில் என்ன உணர்வைத் தருகிறது என்று கேட்டார். அவள் சுற்றிப் பார்த்தாள். சம்பளத்தை நினைத்துக் கவனமாகப் பதில் சொன்னாள். "எங்க வீடு மாதியே இருக்கு சார். எங்க வீட்ல கரண்டு உண்டு."

அவர் குறிப்பேட்டில், 'விருந்தினருக்கு இடத்தோடு ஆழமான பிணைப்பு' என்று எழுதினார்.

பிறகு ஆறு பக்க ஆங்கிலத் தாள் வந்தது. வருகிற எல்லோரும் போடுகிற கையெழுத்துதான், வெறும் சம்பிரதாயம் என்றார் ஆராவமுதன். மாடத்தி ஆறு இடத்திலும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பேச்சிராஜாவின் கட்டைவிரலை அவளே பிடித்து மையில் ஒற்றினாள். கூடவே படகில் வந்திருந்த காவலர் ராஜபாண்டி பூங்காவின் விதிகளைத் தமிழில் சொன்னார். சிப்பி, பவளம், பாசி, குச்சி, எதையும் எடுக்கக் கூடாது. இருவரும் தலையாட்டினார்கள். எடுக்கிற பழக்கம் அவர்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் ஆராவமுதன் போகும்போது. "நீங்க ஒண்ணும் பண்ணப்படாது. பெருக்கறது, பாத்திரம் கழுவறது எதுவும் வேண்டாம். சும்மா இருக்கணும். சும்மா இருக்கறதுதான் உங்க வேலை."

மாடத்திக்கு இது புது வேலை.

சாப்பாட்டைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டையும் அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். எட்டு மணிக்குப் படுத்தாள். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. அளத்தில் வெயிலுக்கு முன்னால் வாரிவிட வேண்டும் என்பதால் இருபத்திரண்டு வருஷமாக மூன்று மணிக்கு எழுந்தவள். கட்டிலில் உட்கார்ந்தாள். படுத்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"படு ஏளா. படுத்திருக்கதுக்குத்தான் வந்திருக்கோம்," என்றார் பேச்சிராஜா.

"கை ரெண்டும் கெடந்து கொடையுது. செத்த நடந்துட்டு வாரேன்."

குடிலுக்குப் பின்னால் தீவின் நடுவில் ஒரு பள்ளம். பெரிய அலை நாட்களில் கடல் உள்ளே வந்து தங்கி, வற்றிப்போகும் இடம். நிலா வெளிச்சத்தில் அது வெள்ளையாகக் கிடந்தது. மாடத்தி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். காலுக்கடியில் நொறுங்கிய சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டாள். உப்பு. யாரும் பாத்தி கட்டாமல், யாரும் தண்ணீர் பாய்ச்சாமல், தானாக விளைந்த உப்பு. கட்டைவிரல் கனத்துக்கு விளைந்திருந்தது. இன்னும் பத்து நாள் விட்டால் மழையில் கரைந்துவிடும்.

காற்றில் சாய்ந்த அறிவிப்புப் பலகை ஒன்று பள்ளத்தின் ஓரத்தில் கிடந்தது. நீளமான கம்பு, நுனியில் குறுக்காக ஒரு பலகை. அளத்தில் அவள் கையில் இருப்பதும் அதே வடிவம்தான். பலகையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவள் கம்பைத் தூக்கி எடை பார்த்தாள். பிறகு வாரத் தொடங்கினாள்.

நாலரை மணிக்குப் பேச்சிராஜா சத்தத்தை வைத்து வந்து சேர்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் சிதறியதைக் கையால் கூட்டிக் கொடுத்தார். கீழ்வானம் வெளுத்தபோது இடுப்பளவுக்கு ஒரு குவியல் நின்றது. மாடத்தி பலகையின் பின்பக்கத்தால் தட்டி அதன் சரிவைச் சமமாக்கினாள். தண்ணீர் வடிய அடியில் சின்னதாக ஒரு கால்வாய் கீறினாள்.

"நல்ல வெளைச்சல்," என்றாள். "அடுப்படிக்கு ஒரு வருசத்துக்குக் காணும். சார் பாத்தார்னா சந்தோசப்படுவாரு."

சார் பார்த்தார். காபிக் குவளையோடு வந்தவர் அப்படியே நின்றார். மாடத்தி பலகையை மறைக்கப் போனாள். அவர் திட்டவில்லை. குவளையை மணலில் வைத்துவிட்டு போனை எடுத்தார். எழும் சூரியன், வெள்ளைக் குவியல், பின்னால் கடல். நாலு பக்கமும் நடந்து படம் எடுத்தார். பிறகு அவளிடம் மிகவும் பணிவாகக் கேட்டார்.

"மாடத்தியம்மா, இன்னொண்ணு வாருங்கோ. மெதுவா. கேமராவைப் பார்க்காம."

அவள் பள்ளத்தின் மறுபாதியையும் வாரினாள். இரண்டாவது குவியல் முதலாவதைவிடப் பெரிதாக வந்தது. ஆராவமுதன் முழங்காலிட்டு அவளுடைய கால்களை, உப்பு தின்று வெடித்த குதிகால்களை, வெகுநேரம் படம் பிடித்தார். பெங்களூருக்குப் போன் போட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். மாடத்தி கணவனின் காதில், வேலை கிடைத்துவிட்ட மாதிரிதான் என்றாள்.

எட்டு மணிக்கு ரோந்துப் படகில் பூங்கா அதிகாரி வந்தார். விடுதியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட வந்தவர், பள்ளத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

"இத யார் செஞ்சது?"

"நாந்தான் சார்," என்றாள் மாடத்தி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. "மூணு மணிக்கே எறங்கிட்டேன்."

அதிகாரி ராஜபாண்டியிடம் தாளும் பேனாவும் கேட்டார். பாதுகாக்கப்பட்ட பகுதியின் இயற்கை அமைப்பைச் சிதைத்தது, இயற்கைப் பொருளை அகற்றியது என்று சொல்லச் சொல்ல ராஜபாண்டி எழுதினார். கருவியையும் எழுத வேண்டும் என்பதால் பலகையைத் திருப்பி வாசித்தார்கள். காலடித் தடங்களைத் தவிர எதையும் விட்டுச் செல்ல வேண்டாம், நினைவுகளைத் தவிர எதையும் எடுத்துச் செல்ல வேண்டாம் என்று அதில் இருந்தது.

"எடுக்கலயே சார்," என்றாள் மாடத்தி. "ஒதுக்கித்தான வச்சிருக்கேன்."

அதிகாரி ஆராவமுதனிடம் திரும்பினார். பணியாளர் செய்த தவறுக்குக் கம்பெனிதான் பொறுப்பு, அனுமதியையே நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்றார்.

ஆராவமுதன் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"இவா எங்க ஸ்டாஃப் இல்லை சார். கெஸ்ட். உங்க ரிஜிஸ்டர்லயே இருக்கு. விதியெல்லாம் சொல்லி, ஆறு இடத்துல கையெழுத்து வாங்கியிருக்கேன். கெஸ்ட் பண்றதுக்கு கெஸ்ட்தான் பொறுப்பு."

ராஜபாண்டி பதிவேட்டைப் புரட்டினார். ஆமாம், விருந்தினர்.

மாடத்தி ஆராவமுதனைப் பார்த்தாள்.

"ரெண்டாவது குவியல் நீங்க சொல்லித்தான சார் வாருனேன்."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சிராஜா குரல்கள் வந்த திசையெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பி, கடைசியில் யாரும் இல்லாத பக்கம் பார்த்து, "சார், அவளுக்கு வேலை பாக்கத்தான் தெரியும் சார்," என்றார்.

வழக்கு எழுதியானது. தீர்ப்பு வரும்வரை இருவரும் ஜெட்டிக் கோட்டைத் தாண்டக் கூடாது, தீவில் கால் வைக்கக் கூடாது. தீவில் கால் வைக்க முடியாதவர்களுக்குத் தீவில் வேலை கொடுக்க முடியாது என்று ஆராவமுதன் வருத்தத்தோடு சொன்னார். புறப்படும் முன் உப்பைப் பழையபடி பரப்பிவைக்க உத்தரவு. மாடத்தி இரண்டு குவியலையும் உடைத்துப் பரப்பினாள். ஒரே கனமாக, மட்டம் பார்த்து, அளத்தில் பரப்புகிற மாதிரி. அதிகாரி பார்த்துவிட்டு, இது இயற்கையாக இல்லை, கொஞ்சம் தாறுமாறாகப் பரப்பு என்றார். அவளுக்கு அது வரவில்லை. ராஜபாண்டி காலால் ஆங்காங்கே கலைத்துவிட்டார்.

எதிர்பார்த்தபடி பத்து நாளில் மழை வந்தது. அளம் மூழ்கியது. இரண்டு தவணை கோர்ட்டுக்குப் போய் மூன்றாவது தேதி வாங்கி வந்தார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று பாஸ்கல் சொல்லி அனுப்பினான். ஜெட்டிக்கு வந்த மாடத்தி மூட்டையைத் தொட்டதுமே கையை எடுத்தாள். உப்பு. இருபது மூட்டை. அளத்துத் தட்டுமேட்டில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பழைய உப்பு. ஒருவேளை அவளே வாரியதாகவும் இருக்கலாம்.

"என்ன தம்பி இது?"

"மழையில அங்கன எங்க வெளையும்?" பாஸ்கல் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பூங்காவுல அனுமதி வாங்கிட்டாக. ராத்திரி நாங்க தார்ப்பாய விரிச்சுப் பரத்தி வைக்கணும். காலையில கெஸ்டுக எந்திரிச்சு வாருவாக. அவுக வாருனத மறுக்காப் பரத்தணும். அடுத்த கெஸ்டுக்கு."

கோட்டுக்கு அந்தப் பக்கம் படகின் அருகே ஒரு பேனர் கட்டியிருந்தது. 'விடியலில் உப்பு வாரும் அனுபவம்.' படத்தில் வெள்ளைத் தரையில் இரண்டு கால்கள், வெடித்த குதிகால்கள், ஒரு கம்பின் நுனி. முழங்காலுக்கு மேல் படம் இல்லை. மாடத்தி அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தாள். பாஸ்கல் கோட்டைத் தாண்டிப் படகுப் பக்கம் போனான்.

விருந்தாளிகள் எட்டுப் பேர் ரப்பர் பூட்சோடு காத்திருந்தார்கள். ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, பாலிஷ் போட்டது. மாடத்தி மூட்டைகளைக் கோடு வரை கொண்டுவந்து வைத்தாள். அங்கிருந்து பாஸ்கல் வாங்கிக்கொண்டான். பதினேழாவது மூட்டையின் தையல் பிரிந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிடியும் அந்தப் பக்கம் ஒரு பிடியுமாக உப்பு கொட்டியது.

அவள் உட்கார்ந்து இந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் கூட்டி மூட்டைக்குள் போட்டாள். அந்தப் பக்கத்துக்குக் கையை நீட்டினாள்.

விசில் கேட்டது.

"எம்மா," என்றார் ராஜபாண்டி நாற்காலியிலிருந்து எழாமலே, "அது பூங்கா."

மாடத்தி கையை எடுத்துக்கொண்டாள். ரப்பர் பூட்ஸ்கள் ஒவ்வொன்றாக அந்த உப்பை மிதித்துக்கொண்டு படகில் ஏறின.