நடு மாடியின் சாட்சி

மாமனாரின் கால்களைப் பிடித்துக் கூடத்துக் கட்டிலில் கிடத்திவிட்டு மாப்பிள்ளை நிமிர்ந்தபோது, அத்தை மாடிப்படியில் பாதி ஏறியிருந்தாள்.

“அத்தை, ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க.”

“வரட்டும், உக்காரச் சொல்லுங்க மாப்பிள்ளை. பொழுது சாயறதுக்குள்ள அதை நேராக்கணும்.”

‘அது’ என்றால் தொலைநோக்கி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மாமனார், மதியம் அதன் முக்காலியைத் திருகிக்கொண்டிருந்தபோதே அதன்மேல் சாய்ந்து போய்ச் சேர்ந்தார். பூமிப் பக்கமாகச் சுற்றிவரும் ஒரு சின்னக் கல்லுக்கு அடுத்த வருஷம் விண்கலம் போகிறது. நட்டநடுவில் இறங்குவதாகத் திட்டம். ஆனால் கல்லின் உருவம் ஒருவருக்கும் தெரியாது. இன்று மாலை அந்தக் கல் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகும். அதன் நிழல் இந்தத் தெருவைக் கடக்கும். எந்தெந்த மாடியில் நட்சத்திரம் மறைகிறது என்று பார்த்தால் உருவம் பிடிபடும். இதற்காக மாமனார் அடுத்தடுத்து மூன்று மாடிகளைப் பிடித்திருந்தார். நடுமாடி அவருடையது. தெரு நாய்களிடமும் அந்த நேரத்தில் குரைக்க வேண்டாமென்று பேசிவைத்திருந்தார்; இரண்டைத் தவிர மற்றவை ஒத்துக்கொண்டன.

கேமராவும் கணினியும் தயாராகத்தான் இருந்தன. கணினியின் கடவுச்சொல் மட்டும் அவரோடு போய்விட்டது.

“கண்ணு இருக்கே,” என்று அத்தை உட்கார்ந்தாள். கீழே அழுகுரல் கிளம்பியது. அவள் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இடது மாடியிலிருந்து பல் டாக்டர், “போச்சு!” என்று கத்தினார். வலது மாடி டிரைவிங் ஸ்கூல்காரரும், “போச்சு! போச்சு!” என்றார். கீழே இருந்தவர்கள் அதையும் துக்கத்தில் சேர்த்துக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதார்கள்.

“எனக்கு மறையல,” என்றாள் அத்தை.

மாப்பிள்ளை நீட்டிய போனில், விண்கலம் அனுப்பும் ஆய்வுக்கூடத்துப் பெண் தயங்கினாள். “ரெண்டு பக்கமும் மறைஞ்சு நடுவுல மறையாம எப்படிம்மா? இன்னிக்கு உங்க நிலைமையில கண்ணு கலங்கியிருக்கும். உங்க மாடியைக் கணக்குல விட்டுடறோம்.”

“கலங்கினா நட்சத்திரம் காணாமல்ல போயிருக்கணும்? அது குத்துக்கல்லாட்டம் நின்னுச்சு. எழுதிக்கோ.”

போனில் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

“அம்மா… அப்படின்னா அது ஒரு கல்லு இல்ல. ரெண்டு. நடுவுல வெறும் இடம்.”

“அங்கதானே எறங்கறதா இருந்தீங்க?”

“ஆமாம்மா.”

“மாத்திக்கோங்க.”

அவள் இறங்கி வந்ததும் கூடம் வழிவிட்டது. கட்டிலருகே குனிந்து அவர் காதோடு சொன்னாள்: “ஒண்ணுதான்னு அடிச்சுப் பேசினீங்களே. ரெண்டாம்.”

விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளை பார்த்தான். அத்தையின் வலது கண்ணைச் சுற்றித் தொலைநோக்கியின் ரப்பர் வளையம் பதிந்து சிவந்திருந்தது. அந்தப் பக்கக் கன்னம் காய்ந்திருந்தது. இடது கன்னம் தாடைவரை ஈரம்.