கரையாத கிண்ணங்கள்

கண்காட்சி திறந்து ஒரு வாரம் ஆகியும் ஒரு கிண்ணம்கூடக் கரையவில்லை. கூரையிலிருந்து தொங்கிய குழாய்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. தண்ணீர் நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. கிண்ணங்கள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தன.

மார்லீஸின் கணவன் ஆர்வில் கடைசியாகச் செய்தவை அவை. சுடாத மண்ணாகவே வைக்க வேண்டும், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறாகிவிட வேண்டும், மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது என்று சாகக் கிடந்த படுக்கையில் அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான். அந்தக் கரைதல்தான் தன் படைப்பு, கிண்ணம் இல்லை என்றான்.

அவள் ஒன்றை எடுத்து நகத்தால் சுண்டினாள். கணீரென்றது. பச்சை மண் அப்படிப் பேசாது.

கிண்ணங்களை மலைக்கு அப்பால் உள்ள பியூட் ஊரிலிருந்து லாரியில் கொண்டுவந்த ஆர்விலின் தம்பி கிளைட் வாசலோரம் நின்றிருந்தான். சூளை அவனுடையது.

"சுட்டியா?"

"அண்ணி, மெதுவா பேசுங்க. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கத்தான வந்திருக்காங்க. சுட்டியான்னு கேட்டேன்."

"பச்ச மண்ணு, அண்ணி. மலப்பாதைல வண்டி ஒரு குழில எறங்குனா அத்தனையும் தூள். லேசாத்தான் சூடு காட்டுனேன்."

"லேசா! ஒங்க அண்ணன் லேசா செத்துட்டான்னு சொல்லேன். தூளானா தூளாவே கொட்டியிருக்கலாம். அவனுக்கு அதுவும் சம்மதந்தான்."

"ஒங்களுக்கென்ன, கரைச்சுட்டுப் போயிடுவீங்க. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். ஒவ்வொண்ணுலயும் அவன் வெரல் பதிஞ்சிருக்கு. அதத் தண்ணில விட்டுட்டு நான் கைகட்டி நிக்கணுமா?"

"அப்ப லாரிக் கத பொய்."

கிளைட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஆத்திரம் தீரலன்னா எல்லாத்தையும் ஒடைங்க. நான் தடுக்கல."

"ஒடச்சா ஓடாக் கெடக்கும், நம்ம பேரன் பேத்தி காலம் தாண்டியும். சுட்டது திரும்ப மண்ணாகாது. சூளைக்காரனுக்கு இத நான் சொல்லணுமா?"

கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். நேரே நுழைவாயில் சுவருக்குப் போனாள். அங்கே ஆர்விலின் பெயர் கறுப்பு எழுத்துகளில் ஒட்டியிருந்தது. முதல் எழுத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தாள். சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தது.

"அண்ணி! அது அவன் பேரு!"

"அவன் செஞ்சது இங்க இல்ல. இது நீ செஞ்சது. ஒன் பேர ஒட்டிக்க."

கடைசி எழுத்து பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகம் ஒடிந்தும் அவள் விடவில்லை.