வாத்து கத்தும்வரை

காலையில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பல் தேய்த்தாள். நின்றால் கண் இருட்டும். இடது கையைத் தூக்க முடியாது என்பதால் அவன்தான் தலை வாரிப் பின்னிவிட்டான். ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள், அடுப்பு பற்றவைக்கவில்லை. கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்கள்.

கழுத்து வழியே மூளைக்குப் போகும் அவளுடைய ரத்தக்குழாய்கள் தடித்துச் சுருங்கிக்கொண்டிருந்தன. முதுமையின் அடைப்பு அல்ல. இளம்பெண்களைத் தேடி வரும் நோய். ஒரு பக்கம் முழுக்க மூடிவிட்டது. மறுபக்கம் நூலளவு வழி. முன்பென்றால் நெஞ்சைத் திறந்திருப்பார்கள். இப்போது தொடையில் சின்னதாக ஓட்டை போட்டு, கம்பி விட்டு, சுருங்கிய இடத்தில் வலைக்குழாயை விரித்துவிடுகிறார்கள். மயக்க ஊசிகூடக் கிடையாது.

"முழிச்சிட்டேதான் இருக்கணும்மா. ஆனா பேசக் கூடாது, கழுத்து அசையும்," என்ற டாக்டர் ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை அவளுடைய வலது கையில் வைத்தார். "அமுக்குங்கன்னு சொன்னா அமுக்கணும். சத்தம் வந்தா மூளைக்கு ரத்தம் போகுதுன்னு அர்த்தம்."

அவள் அமுக்கினாள். கீச்சென்றது.

"இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரில, கடைசில கொழந்த பொம்மையா டாக்டர்?"

"மிஷினும் இருக்கும்மா. இது அதவிட முந்திச் சொல்லிடும்."

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் ஒரு மணி நேரம் வாயத் தெறக்கக் கூடாதாம். கொடுத்து வச்சவன் நீ." சிரித்தாள். அவள் விரல்கள் ஜில்லிட்டிருந்தன.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். கீழே பணம் கட்டிவிட்டு மேலே வந்த மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார். வாத்தைப் பற்றிச் சொன்னான். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கீச். சற்றுப் பொறுத்து, கீச். ஒவ்வொன்றுக்கும் அவன் மூச்சு விட்டான். யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து போனபோது அவர்களைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

"அமுக்குங்கம்மா," உள்ளே டாக்டரின் குரல்.

சத்தமில்லை.

"அம்மா, அமுக்குங்க. கேக்குதா?"

மாமியார் அவன் மணிக்கட்டைப் பற்றினார். நகம் பதிந்தது. அவன் கதவையே பார்த்தான்.

கீச், கீச்.

போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா மாப்பிள்ள," மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அழுத்தக்காரி. சும்மா இருப்பாளா?"

அவனும் சிரித்தான். அப்போதுதான் கதவு திறந்தது. ஒருவர் வெளியே ஓடினார், இன்னொருவர் உள்ளே ஓடினார்.

எல்லாம் முடிந்த பிறகு நர்ஸ் ஒருத்தி அவன் முன்னால் வந்து நின்றாள். அவள் கையில் அந்த வாத்து இருந்தது.

"கடைசில ரெண்டு தடவ சத்தம் கேட்டுச்சே சிஸ்டர்," என்றான் அவன்.

"பொம்ம கெட்டுப் போச்சோன்னு நான்தான் வாங்கி அமுக்கிப் பாத்தேன் சார்."

வீட்டில் மாமியார் அவனைப் பிடித்துக்கொண்டார். "நான் மேல வர்றதுக்குள்ள உள்ள போயிட்டாளே. கடைசியா என்ன சொன்னா?"

"உங்கள நல்லாப் பாத்துக்கச் சொன்னா அத்தை."

கேட்டவர்கள் எல்லோருக்கும் அதையே சொன்னான். உண்மையில், ஸ்ட்ரெச்சர் நடைபாதையில் திரும்பியபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னது இதுதான்:

"கொஞ்சம் மெதுவாத் தள்ளச் சொல்லேன். தல சுத்துது."