காரணம்: மழை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். மழைக்காலத்தில் அது உச்சந்தலைக்கு ஏறிவிடும். போனும் நெட்டும் செத்துப்போன வீடுகள் நாற்பது, என் ஏரியாவுக்கு லைன்மேன் நான் ஒருத்தன். தொப்பலாக நனைந்து கம்பம் ஏறி இறங்கிய பிறகு, புகாரை முடிக்கக் 'காரணம்' என்றொரு கட்டத்தை வேறு நிரப்ப வேண்டும். நாங்கள் எல்லோரும் அதில் மழை என்றுதான் போடுவோம். எலி கடித்தாலும் மழை, லாரி இழுத்துப்போனாலும் மழை. வேறு எதையாவது போட்டால் சூப்பர்வைசர் கூப்பிட்டுக் குடைவார்.

அன்று மத்தியானம் புயல் பேயாட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த மாடி வீட்டுப் புகார் வந்தது. ஒரே மாதத்தில் நாலாவது. முந்தைய மூன்று முறையும் படிக்கட்டுச் சுவரில் வயர் துண்டாகிக் கிடந்தது. காற்றில் அறுந்தால் செம்பு இழுபட்டு நுனி ஊசியாகும். இது மொட்டையாக இருந்தது. யாரோ கத்தரித்திருக்கிறார்கள் என்று முதல் தடவையே தெரிந்தது. எனக்கென்ன வந்தது? ஒட்டினேன், மழை என்று போட்டேன், அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.

இந்த முறை படியேறும்போதே அலறல் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. அந்த வீட்டுக்காரன் மோடத்தால் மனைவியின் தலையில் அடித்துக்கொண்டிருந்தான்.

"பக்கத்து வீட்டு போன்ல கம்ப்ளெயின்ட் பண்றியா? உங்கக்காகிட்ட அப்படி என்னடி பேசணும்?"

என்னைப் பார்த்ததும் கையை இறக்கிச் சிரித்தான். "வாங்க சார். ஒரே மழை, லைன் போயிடுச்சு. சீக்கிரம் ஒட்டிட்டுக் கிளம்புங்க."

அந்தச் சிரிப்பில் எனக்கு ரத்தம் கொதித்தது. "அவங்கள விடுடா" என்றேன். அவனோ மோடத்தின் வயரை அவள் கழுத்தில் சுற்றி இழுத்தான். இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை உருவி அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் நன்றாகவே கேட்டது. அவன் பாய்ந்தான். மேசை கவிழ்ந்தது, என் முன்பல் தெறித்தது. கீழே தள்ளி முகத்தில் மூன்று குத்து விட்டேன். மூன்றாவது தேவையே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

பக்கத்து வீட்டார் கூப்பிட்டுப் போலீஸ்காரர் வந்தார். அந்தப் பெண் தலையில் துண்டை அழுத்திப் பிடித்தபடி பேசினாள்.

"என் செல்லை ஒடச்சுட்டாரு சார். அக்காகிட்ட பேச இந்த லைன் ஒண்ணுதான். ஒட்ட ஒட்ட வெட்டி விடறாரு."

"இவளுக்குப் புத்தி சரியில்ல சார். இந்தாளு உள்ள புகுந்து ரெண்டு பேரையும் அடிச்சான்" என்ற புருஷன், ஒற்றைக் கையால் தன் செல்லை நீட்டினான். "லைனை நான் வெட்டினேனாம். இந்தாளே என்ன எழுதியிருக்கான், பாருங்க."

புகார் முடிந்ததாக வந்த மூன்று குறுஞ்செய்திகள். மூன்றிலும் காரணம்: மழை.

போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, லைன்மேனே மழைன்னு போட்டிருக்காரு?"

அவள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அது பொய் சார். நான் போட்ட பொய்" என்று சொல்லி, படிக்கட்டுக்கு அழைத்துப்போய் அன்றைய மொட்டை நுனியைக் காட்டினேன்.

"எழுதிக் குடுப்பியா? வேலை போயிடும்யா."

"போகட்டும் சார்."

வாயில் ரத்தம் ஒழுக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போலீஸ்காரர் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"மொதத் தடவையே தெரியுமாண்ணே?"

"தெரியும்மா."

"அன்னைக்கு வயரை மட்டும்தாண்ணே வெட்டினாரு" என்றாள். "என்னை அடிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்."